நிறுத்த வேண்டிய இடம்: ஒரு ஃபைப்ராய்டும் அளவிட்ட நுண்ணுருண்டைகளும்

நோயாளிக்கு வயது 42. ஏற்காட்டைத் தாண்டி ஒரு காப்பித் தோட்டத்தில் வேலை. இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன், இரண்டாவதோடு குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டவர். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு ஒன்பது பத்து நாள் நீள்கிறது. முதல் நான்கு நாளும் கட்டி கட்டியாகப் போகிறது. அடிவயிறு கனமாக இருக்கிறது, ராத்திரியில் மூன்று நான்கு தடவை எழுந்து ஒன்றுக்குப் போக வேண்டியிருக்கிறது. காரணம் ஃபைப்ராய்டு, அதாவது கர்ப்பப்பைத் தசையில் வளரும், புற்றுநோயல்லாத கட்டி. ஹீமோகுளோபின் 6.4. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவர் சம்மதம் உண்டு.

6.4 என்றால் படி ஏறவே மூச்சு வாங்கும். இவர் அந்த ரத்தத்தை வைத்துக்கொண்டு மலைச்சரிவில் கூடை கட்டிப் பழம் பறித்துக்கொண்டிருந்தார். ரத்தசோகை நம் ஊரில் அவ்வளவு சாதாரணம். 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் ‘அசதி’ என்று ஒரு பெண் சொன்னால் யாரும் காது கொடுப்பதில்லை. ரத்தப்போக்கைக் குறைக்க ட்ரானெக்ஸாமிக் அமிலம் சாப்பிட்டிருக்கிறார். வேறொரு இடத்தில் மாதம் ஒன்றாக மூன்று ஹார்மோன் ஊசி போட்டிருக்கிறார்கள். ஊசி இருக்கும்வரை ரத்தம் நின்றது, விட்டதும் பழையபடி. கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு இவர் சம்மதிக்கவில்லை.

சேலத்தில் மகப்பேறு மருத்துவர்தான் எங்களிடம் அனுப்பினார். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் (படம் பார்த்தபடியே ஊசி, குழாய் வழியாகச் சிகிச்சை செய்பவர்) என்று போர்டு வைத்திருந்தாலும் பாதிப் பேருக்கு நாங்கள் ‘ஸ்கேன் டாக்டர்’தான். மகப்பேறு மருத்துவர் கூடவே இல்லாமல் ஃபைப்ராய்டு எம்போலைசேஷன் (தமனிக்குள் நுண்ணுருண்டைகளை விட்டுக் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பது) செய்வது என் வரையில் சரியில்லை. முன்னால் தேர்வு செய்வதும் அவர் கையில், பின்னால் ஏதாவது ஆனால் கைகொடுப்பதும் அவர்தான். இந்தக் கேஸில் இரண்டுமே தேவைப்பட்டது.

எம்.ஆர்.ஐ. காட்டியது

பெரிய கட்டி பின்சுவரில், 8.4 செ.மீ. உள்பக்கம் கர்ப்பப்பை அறையை முட்டிக்கொண்டும், வெளிப்பக்கம் மேலுறையைத் தள்ளிக்கொண்டும் இருந்தது. ஃபிகோ (சர்வதேச மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு) வகைப்பாட்டில் 2–5. இரண்டாவது 3.8 செ.மீ., பாதிக்கு மேல் அறைக்குள்ளேயே தொங்கியது, வகை 1. முன்சுவரில் அகன்ற அடியோடு 2 செ.மீ.யில் ஒன்று, அது பெரிய விஷயமில்லை. மூன்றும் கான்ட்ராஸ்ட் (ரத்த ஓட்டத்தைப் படத்தில் காட்டும் மருந்து) கொடுத்ததும் பளிச்சென்று ஏற்றன. ரத்த ஓட்டம் நன்றாக இருக்கும் கட்டிதான் அடைத்தால் சுருங்கும். ஏற்கெனவே செத்துக் கிடக்கும் கட்டியை அடைத்துப் புண்ணியமில்லை. ஆகவே கான்ட்ராஸ்ட் இல்லாத எம்.ஆர்.ஐ.யை வைத்து முடிவெடுக்கக் கூடாது. புற்றுநோய் என்று சந்தேகப்படும்படி டிஃப்யூஷன் படத்தில் அடையாளம் எதுவும் இல்லை, அடினோமயோசிஸ் (உள்படலம் தசைக்குள் வளர்வது) இல்லை. உள்படலத் துணுக்குப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது.

இங்கே மகப்பேறு மருத்துவருக்கும் எனக்கும் ஒரு சின்னக் கருத்து வேறுபாடு. அறைக்குள் தொங்குவதை ஹிஸ்டெரோஸ்கோப் (கர்ப்பப்பை வாய் வழியே விடும் கேமராக் குழாய்) வழியாக எடுத்துவிட்டால் ரத்தப்போக்கு பாதி குறையுமே என்றார் அவர். நியாயமான யோசனை. ஆனால் 8.4 செ.மீ. கட்டி அப்படியே நிற்கும், மூத்திரப்பையை அழுத்துவதும் நிற்காது. இரண்டு சிசேரியன் ஆன வயிற்றைத் திறப்பதிலும் ஒட்டுக்களின் தொல்லை உண்டு. கடைசியில், எம்போலைசேஷன் செய்வோம், தொங்கும் கட்டி பின்னால் வெளியே வந்தால் அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி அவரே முடித்து வைத்தார்.

நோயாளியோடு பேசியது நீளமான பேச்சு. கூட வந்த கணவர் முதலில், “மாத்திரைல கரையாதுங்களா சார்?” என்றார். இந்த அளவுக் கட்டி மாத்திரையில் கரைந்து போகாது என்று சொன்னேன். அவர் அப்புறம் பேசவில்லை. நோயாளி கேட்ட கேள்விதான் கெட்டிக்காரத்தனமானது: “ரத்தம் போகாம செத்துப்போன கட்டி உள்ளயே கெடக்குமா டாக்டர்? நாறிப்போகாதா?”

“பெரும்பாலும் உள்ளயே காஞ்சு சுருங்கிடும்மா. ஆனா அறைக்குள்ள தொங்குறது ஒண்ணு இருக்கில்ல, அது வெளிய வந்தாலும் வரும். பிரசவ வலி மாதிரி வலிக்கும், துண்டு துண்டா விழும். அப்படி ஆச்சுன்னா பயப்படாம உடனே கீழ வந்துடணும்.”

கர்ப்பப்பையை எடுக்க ஏன் சம்மதிக்கவில்லை என்றும் கேட்டேன். அவருடைய நாத்தனாருக்கு எடுத்திருக்கிறார்கள்; அதற்கப்புறம் அவர் முன்மாதிரி இல்லை என்பது இவர் கணிப்பு. அது சரியா தப்பா என்று நான் வாதாடவில்லை. அதோடு, வயிற்றைத் திறந்து செய்தால் ஆறு வாரத்துக்குக் கனம் தூக்கக் கூடாது. நவம்பரில் பறிப்பு தொடங்கிவிடும். பறிப்புக் காலக் கூலியில்தான் வருடச் செலவு நிற்கிறது. இது மருத்துவக் காரணம் இல்லையே என்று ஒதுக்குகிறவர்கள் தோட்டக் கூலியில் ஒரு மாதம் குடும்பம் நடத்திப் பார்க்கலாம்.

பத்துப் பேரில் மூன்று பேருக்கு அடுத்த சில வருடங்களில் மறுபடி ஏதாவது சிகிச்சை தேவைப்படலாம் என்பதையும், ஓர் அறுவை சிகிச்சைக்கு அந்தப் பிரச்சினை அவ்வளவாக இல்லை என்பதையும் மறைக்காமல் சொன்னேன். அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது என்று பின்னால் சொல்கிறேன்.

ரத்தம் இரண்டு யூனிட் ஏற்றி, நரம்பு வழியாக இரும்புச்சத்தும் கொடுத்து மூன்று வாரத்தில் ஹீமோகுளோபின் 9.8-க்கு வந்தது. உடனே செய்யாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அந்த ஹார்மோன் ஊசி கர்ப்பப்பைத் தமனியை ஒல்லியாக்கிவிடும். ஒல்லியான தமனிக்குள் வயர் நுழைத்தால் சுருங்கி இறுகிக்கொள்ளும், உருண்டை உள்ளே போகாது. கடைசி ஊசி போட்டு மூன்று மாதம் தாண்டியதை உறுதி செய்துகொண்டுதான் தேதி கொடுத்தோம்.

உருண்டை என்றால் என்ன உருண்டை

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். ஜவ்வரிசி ஆலையில் மாவை உருட்டி, சல்லடையில் சலித்து, பெரிது சிறிது என்று பிரிப்பார்கள். மரவள்ளிக் கிழங்கைத் துருவிப் போட்டால் ஒரு துருவல் நீளமாக இருக்கும், ஒன்று தட்டையாக இருக்கும், எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) துகள் அந்தத் துருவல். அளவிட்ட நுண்ணுருண்டை சலித்தெடுத்த ஜவ்வரிசி. இவ்வளவு சொன்னால் கணவன் மனைவி இரண்டு பேரும் தலையாட்டிவிட்டார்கள். அளவு மட்டும் வேறு: நாம் பயன்படுத்துவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே.

பி.வி.ஏ.வை ரத்தக்குழாய் அடைக்கப் பயன்படுத்தலாம் என்று 1970-களின் நடுவில் எழுதியவர் அமெரிக்காவில் மின்னசோட்டாவில் இருந்த தடவர்த்தி. குர்ட் ஆம்ப்லாட்ஸோடு சேர்ந்து செய்த வேலை. இருபது வருடம் கழித்து 1995-இல் பாரீஸில் ராவினாவும் கூட்டாளிகளும் ஃபைப்ராய்டுக்கு இதைச் செய்யலாம் என்று லான்செட்டில் எழுதினார்கள். அறுவை சிகிச்சைக்கு முன் ரத்தப்போக்கைக் குறைக்கத்தான் அவர்கள் அடைத்தார்கள். அடைத்த பிறகு நோய்க்குறிகள் அடங்கிப்போய், சில பெண்கள் அறுவை சிகிச்சையே வேண்டாம் என்று போய்விட்டார்கள். நோயாளிகள் கண்டுபிடித்த சிகிச்சை என்று இதைச் சொல்வதில் தவறில்லை. நாங்கள் பயன்படுத்தும் ட்ரைஸ்-அக்ரைல் ஜெலட்டின் உருண்டையும் பாரீஸிலேயே லோராங், மெர்லான் குழுவிலிருந்து 1990-களின் நடுவில் வந்தது. அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஃபைப்ராய்டுக்கு அனுமதி கொடுத்தது 2002-இல்.

பி.வி.ஏ. துகள் டப்பாவில் 350–500 மைக்ரான் என்று எழுதியிருந்தாலும், உள்ளே போனதும் நாலைந்து துகள் கட்டிக்கொண்டு, அந்தக் கட்டு பெரிய குழாயிலேயே சிக்கிவிடும். திரையில் ஓட்டம் நின்றதுபோல் தெரியும். பின்னால் கட்டு கலைந்து ஓட்டம் திரும்பினாலும் திரும்பும். உருண்டை ஒட்டாது. வழவழப்பு இருக்கிறது, கொஞ்சம் அமுங்கும், தன் அகலத்துக்குச் சமமான குழாய்வரை போய் நிற்கும். அதனால் அளவைத் தேர்ந்தெடுப்பதே எந்தக் குழாயில் அடைப்பு விழ வேண்டும் என்று தேர்ந்தெடுப்பதுதான். ஃபைப்ராய்டைச் சுற்றி ஒரு வலைபோல ஓடும் தமனிகள் அரை மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர்வரை இருக்கும். கர்ப்பப்பைத் தமனியையும் சினைப்பைத் தமனியையும் இணைக்கும் குறுக்குப் பாதை, இருக்கும் இடங்களில், பெரும்பாலும் அரை மில்லிமீட்டருக்குள்தான். ஆக 500 மைக்ரானுக்குக் கீழே போகாதே என்பது இந்த இரண்டு எண்களிலிருந்தே வந்துவிடுகிறது.

ஒரு விஷயம் பலர் சொல்ல மறந்துவிடுவது: இந்த உருண்டையில் இருக்கும் ஜெலட்டின் பன்றியிலிருந்து எடுத்தது. ஜெலட்டின் ஒவ்வாமை உண்டா என்று கேட்பது எவ்வளவு முக்கியமோ, இதைச் சொல்லிவிடுவதும் அவ்வளவு முக்கியம். உடம்பிலேயே தங்கிவிடப் போகிற பொருள் அது, கரையாது.

கேத் லேபில் (ரத்தக்குழாய்ச் சிகிச்சை அறையில்)

மூத்திரக் குழாய் போட்டாயிற்று. அது வலிக்காக அல்ல, கான்ட்ராஸ்ட் நிறைந்த மூத்திரப்பை படத்தை மறைக்கக் கூடாது என்பதற்காக. வலது தொடையில் மரத்துப்போக ஊசி, ஸ்கேன் பார்த்துக் குத்தி, செல்டிங்கர் 1953-இல் சொன்ன முறையிலேயே 5 ஃப்ரெஞ்ச் ஷீத் (கதீட்டர் நுழைக்கும் உறைக்குழாய்; ஃப்ரெஞ்ச் என்பது குழாயின் தடிமன் அளவு). கதீட்டரை மகாதமனி பிரியும் இடத்தைத் தாண்டி இடது பக்கம் இறக்கினோம்.

கதீட்டர் அங்கே கிடப்பதால் இன்னொரு வேலையும் ஆகிறது. மகாதமனி எங்கே இரண்டாகப் பிரிகிறது என்பதைத் திரையில் அதுவே காட்டிவிடுகிறது. அந்தப் பிரிவுக்குக் கீழே, இடுப்புப் பகுதியின் ஐந்தாவது முதுகெலும்புக்கு முன்பக்கத்தில், கர்ப்பப்பையின் வலியைக் கொண்டுபோகும் நரம்புப் பின்னல் இருக்கிறது. தொப்புளுக்குக் கீழிருந்து மெல்லிய நீள ஊசியை எலும்பு தட்டும்வரை இறக்கி, துளி கான்ட்ராஸ்ட் விட்டு, ரத்தக்குழாய்க்குள் இல்லை என்று பார்த்துக்கொண்டு, 20 மி.லி. ரோப்பிவகெய்ன் (மரத்துப்போக வைக்கும் மருந்து) கொடுத்தோம். ஐந்து நிமிட வேலை. அன்றைய ராத்திரியின் வலியில் பெரும்பகுதியை இது தின்றுவிடும்.

இடது கர்ப்பப்பைத் தமனி சுலபமாகக் கிடைத்தது. கீழே இறங்கி, குறுக்கே ஓடி, அப்புறம் கர்ப்பப்பையின் ஓரமாகச் சுருண்டு சுருண்டு ஏறும் அந்த வடிவத்தை ஒரு முறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 2.8 ஃப்ரெஞ்ச் மைக்ரோ கதீட்டரைக் குறுக்குப் பகுதியில், கர்ப்பப்பை வாய்க்குப் போகும் கிளையைத் தாண்டி வைத்தோம். அந்தக் கிளைக்குள் உருண்டை போனால் தேவையில்லாத புண் வரும். தமனி லேசாக இறுகியது. நைட்ரோகிளிசரின் 150 மைக்ரோகிராம் கொடுத்துக் காத்திருந்தோம், விட்டுக்கொடுத்தது.

உருண்டையைக் கலக்குவது நர்ஸ் வேலை என்று விட்டுவிடுகிறவர்கள் உண்டு. நான் கூட நின்று பார்ப்பேன். 20 மி.லி. சிரிஞ்சில் உப்புநீருக்குள் 2 மி.லி. உருண்டை வருகிறது. உப்புநீரில் அது அடியில் தங்கிவிடும், கெட்டியான கான்ட்ராஸ்டில் மேலே மிதக்கும். சரிபாதியாகக் கலந்து, த்ரீ-வே வழியாக இரண்டு சிரிஞ்சுக்கு இடையில் மெதுவாக முன்னும் பின்னும் தள்ளி, சில நிமிடம் விட்டால் நடுவில் தொங்க ஆரம்பிக்கும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் சிரிஞ்ச் முழுக்க ஒரே சீராக மங்கலாகத் தெரிய வேண்டும். மேலே தெளிவாகவும் கீழே மங்கலாகவும் இருந்தால் ஊசியைத் தொடாதே. அடியில் சேர்ந்த உருண்டை மொத்தமாகப் போகும், பிறகு வெறும் கான்ட்ராஸ்ட் போகும். எவ்வளவு கொடுத்தோம் என்று யாருக்கும் தெரியாது. உருண்டைச் சிரிஞ்சுக்கும் வெறும் கான்ட்ராஸ்ட் சிரிஞ்சுக்கும் வேறு வேறு நிறப் பட்டை ஒட்டியிருக்க வேண்டும் என்பதிலும் எங்கள் லேபில் சமரசம் கிடையாது.

இடது பக்கம் 500–700 மைக்ரான். தள்ளுவது நம் கட்டைவிரலாக இருக்கக் கூடாது, ரத்த ஓட்டமே இழுத்துக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் விடு, அது போகட்டும், திரும்பக் கொஞ்சம். முதல் சிரிஞ்சில் எதுவும் மாறின மாதிரித் தெரியவில்லை. இரண்டாவது முடிகிறபோது கட்டியைச் சுற்றியிருந்த வலை மறையத் தொடங்கியது. மூன்றாவதில் பாதி போனதும், முதன்மைத் தமனி மட்டும் இலையுதிர்ந்த கிளைபோல் நின்றது. கான்ட்ராஸ்ட் விட்டால் குறுக்குப் பகுதியில் ஐந்து இதயத் துடிப்பு நேரம் தயங்கி நின்று, அப்புறம் கரைந்தது.

“சார், இன்னும் ஓடுதே. மூணாவது சிரிஞ்ச முடிச்சிடட்டுமா?” என்றார் பயிற்சியில் இருந்த இளம் மருத்துவர்.

“வேண்டாம்ப்பா. அஞ்சு நிமிஷம் சும்மா இரு.”

அவர் கேட்டது பி.வி.ஏ. காலத்துக் கேள்வி. துகளாக இருந்தால் ஓட்டம் முழுக்க நிற்கும்வரை கொடுப்பது வழக்கம். உருண்டைக்கு அது அதிகம். கட்டியைச் சுற்றிய வலை அடைபட்டு, முதன்மைத் தமனியில் மெதுவான ஓட்டம் மிச்சமிருக்கும்போதே நிறுத்த வேண்டும். கர்ப்பப்பையின் நல்ல தசைக்கு ரத்தம் வேண்டும், அது அந்த மிச்ச ஓட்டத்திலிருந்துதான் வரும். அதே நேரம், நிறுத்திய உடனே கதீட்டரை உருவவும் கூடாது. உருண்டைகள் இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்து இடம் பிடிக்கும், வலை மறுபடி திறந்தாலும் திறக்கும். ஐந்து நிமிடம் கழித்து எடுத்த படத்தில் ஐந்து துடிப்பு ஆறாகியிருந்தது, வலை திரும்பவில்லை. இடது பக்கம் முடிந்தது.

வலது பக்கம்தான் இந்தக் கேஸை எழுத வைத்தது. குத்திய பக்கத்திலேயே இருக்கும் தமனிக்குள் போக கதீட்டரை வளைத்து வளையமாக்கித் திருப்ப வேண்டும். அதில் கொஞ்ச நேரம் போனது. நுழைந்து படம் எடுத்தால் பெரிய கட்டிக்குப் பெரும்பங்கு ரத்தம் இங்கிருந்துதான் போகிறது. படத்தை அப்படியே கடைசிவரை ஓட்டிப் பார்த்தோம். நான்காவது நொடிக்குப் பின், கர்ப்பப்பையின் மேல் மூலைக்கு வெளியே, மெல்லிய சுருள் குழாய் ஒன்றும் அதன் முனையில் மங்கலான ஒரு திட்டும் தெரிந்தன. சினைப்பை. கர்ப்பப்பைத் தமனியிலிருந்து சினைப்பையை நோக்கி ரத்தம் போகிறது. இந்த இணைப்புகளை ரசாவி என்ற மருத்துவர் பிரித்த மூன்று வகையில் மூன்றாவது. கட்டி நிறைந்தவுடன் படத்தை நிறுத்திவிடும் பழக்கம் இருந்தால் இது கண்ணில் படாது.

42 வயதில் ஒரு சினைப்பைக்குள் உருண்டை போனால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாமலும் போகலாம். மாதவிலக்கு முன்கூட்டியே நின்றும் போகலாம். 45-ஐத் தாண்டியவர்களுக்கு அந்த ஆபத்து கூடுதல், இவர் அதற்கு ரொம்பத் தூரத்தில் இல்லை. ஆகவே வலது பக்கத்துக்கு 700–900-க்கு மாறினோம். மைக்ரோ கதீட்டரின் உள்விட்டம் 0.7 மி.மீ. அளவு, உருண்டை அமுங்கும் என்பதால்தான் இது சாத்தியம், சின்ன கதீட்டரில் முயன்றால் அடைத்துக்கொள்ளும். கலவையைக் கொஞ்சம் நீர்க்க வைத்து, இன்னும் மெதுவாக விட்டோம். ஒவ்வொரு 2 மி.லி.க்கும் ஒரு படம். ஓட்டம் குறையக் குறைய அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் குறுக்குப் பாதை இன்னும் திறக்கும். அதனால் இந்தப் பக்கம் நிறுத்துவதிலும் கொஞ்சம் முந்திக்கொள்ள வேண்டும். இரண்டு சிரிஞ்சில் வலை மறைந்தது. கடைசிப் படத்தில் அந்த மங்கல் திட்டு அப்படியே இருந்தது. சினைப்பைக்குப் போகும் வழி திறந்தே இருக்கிறது என்று அர்த்தம்.

ஃப்ளோரோஸ்கோபி (ஓடும் எக்ஸ்ரே) நேரம் 19 நிமிடம், நொடிக்கு 7.5 எக்ஸ்ரே துடிப்பு வேகத்தில். சினைப்பை பக்கத்திலேயே இருக்கிறது என்பதால் கதிர்வீச்சிலும் கஞ்சத்தனம் வேண்டும்.

அன்று ராத்திரியும் அதற்கப்புறமும்

முதல் பத்து மணி நேரம் வலி பத்துக்கு மூன்று. நரம்பு ஊசியின் சக்தி தேய்ந்ததும், விடிய மூன்று மணிக்கு, ஏழுக்கு ஏறியது. மார்ஃபின் பம்ப், பாரசிட்டமால், டைக்ளோஃபினாக், வாந்திக்கு ஓன்டான்செட்ரான். மறுநாள் சாயங்காலம் காய்ச்சல் 38.1 டிகிரி, வெள்ளணு 13,400. இந்த இரண்டையும் பார்த்துப் பயந்து ஆண்டிபயாட்டிக் ஏற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். செத்துக்கொண்டிருக்கும் கட்டிக்கு உடம்பு காட்டும் பதில் இது, முதல் மூன்று நாளில் எதிர்பார்க்க வேண்டியது. முதல் வாரம் கழிந்தபின் வரும் காய்ச்சல் வேறு ஜாதி. அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

இரண்டு ராத்திரி கழித்து டிஸ்சார்ஜ், ஆனால் மலைக்கு அனுப்பவில்லை. 20 கொண்டை ஊசி வளைவு. நல்ல உடம்புக்கே சிலருக்குக் குமட்டும். தோட்டத்திலிருந்து ராத்திரி இரண்டு மணிக்கு வண்டி பிடித்து இறங்குவதும் நடக்கிற காரியமில்லை. கன்னங்குறிச்சியில் அக்கா வீடு இருந்தது, பத்து நாள் அங்கே. கையில் தமிழில் அச்சடித்த ஒரு பக்கத் தாள்: எந்தக் காய்ச்சல் சும்மா, எந்தக் காய்ச்சல் அவசரம், என்ன நாற்றம் வந்தால் கூப்பிட வேண்டும், எந்த எண்ணுக்கு.

முதல் மாதவிலக்கு தள்ளிப்போயிற்று. ஆறாவது வாரம், அவர் மலையேறிய பின், அடிவயிறு விட்டுவிட்டு இழுத்துப் பிடிக்கிறது, பழுப்பாகப் படுகிறது, லேசாக வாடை என்று போன் வந்தது. காய்ச்சல் இல்லை. “நீங்க சொன்னீங்கல்ல, பிரசவ வலி மாதிரின்னு. அது தான் டாக்டர்,” என்றார். குரலில் பதற்றமே இல்லை. அன்றைக்கே இறங்கி வந்தார். ஸ்கேனில் வகை 1 கட்டி கர்ப்பப்பை வாயில் வந்து நின்றிருந்தது. மகப்பேறு மருத்துவர் லேசான மயக்கத்தில் அதைப் பிடித்து முறுக்கி எடுத்துவிட்டார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அறையில் மிச்சம் எதுவும் இல்லை என்று திரும்ப ஸ்கேன் பார்த்து, ஒரு வாரம் ஆண்டிபயாட்டிக் கொடுத்து அனுப்பினோம். இதைச் சிக்கல் என்றுதான் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதினோம். ஆனால் முன்பே சொல்லிவைத்த சிக்கலுக்கும் சொல்லாமல் விட்ட சிக்கலுக்கும் நோயாளி வந்து சேரும் நேரத்தில் ஒரு வாரம் வித்தியாசம் இருக்கும், அந்த ஒரு வாரத்தில்தான் சீழ் பிடிக்கும்.

நோய்க்கூறு மருத்துவர் ஸ்லைடைப் பார்க்கக் கூப்பிட்டார். கட்டி முழுக்க உயிரற்றுக் கண்ணாடிபோல் இருந்தது. ஓரத்துக் குழாய்களுக்குள் வட்ட வட்டமாக, ஒரே சீரான நிறத்தில் உருண்டைகள். சிலவற்றில் வரிசையாக மூன்று. நடுக்கட்டியில் ஒன்றுகூட இல்லை. அரை மில்லிமீட்டர் உருண்டை எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நின்றிருக்கிறது. பல வருடம் திரையில் நிழலாகவே பார்த்த ஒன்றை மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது வேறு அனுபவம், மறைக்க வேண்டியதில்லை.

மூன்றாவது மாத எம்.ஆர்.ஐ.யில் பெரிய கட்டி 6.9 செ.மீ. விட்டத்தில் ஒன்றரைதான் குறைந்திருக்கிறது என்று நோயாளிகள் சோர்ந்துபோவார்கள். கன அளவில் கணக்குப் போட்டால் 45 சதவீதம் போய்விட்டது. அதைவிட முக்கியம், கான்ட்ராஸ்டைத் துளிகூட ஏற்கவில்லை. கர்ப்பப்பைத் தசை நன்றாக ஏற்றது. ஆறாவது மாதம் ஹீமோகுளோபின் 12.1, மாதவிலக்கு நான்கு நாள், சினைப்பை ஓய்கிறதா என்று காட்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் 9. ராத்திரி ஒரு தடவைதான் எழுந்திருக்கிறார்.

கொஞ்சம் விவாதம்

உருண்டையைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டு இதையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை: பி.வி.ஏ. துகளையும் ட்ரைஸ்-அக்ரைல் உருண்டையையும் நேருக்கு நேர் வைத்து ஸ்பைஸ் குழு 2004-இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளிகளின் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. விலையிலோ பல மடங்கு வித்தியாசம். துகளை வைத்துக்கொண்டு நல்ல பலன் எடுப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்களைக் குறை சொல்ல எதுவுமில்லை. பணம் ஒரு பிரச்சினையாக இருந்து, குறுக்குப் பாதை எதுவும் இல்லாத நோயாளிக்கு நானும் துகளையே எடுப்பேன். இந்த வலது பக்கம் போன்ற இடத்தில் எடுக்க மாட்டேன். அங்கே எது எங்கே போய் நிற்கும் என்று முன்கூட்டியே தெரிய வேண்டும், துகளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது.

உருண்டையாக இருந்தாலே போதும் என்றும் நினைக்கக் கூடாது. பி.வி.ஏ.வையே உருண்டையாக்கி ஒரு தயாரிப்பு வந்தது. அளவு லேபிளில் அதேதான், ஆனால் ரொம்ப அமுங்கியது, நினைத்ததைவிட உள்ளே போய்விட்டது, கட்டி முழுதாகச் சாகவில்லை. அதே ஸ்பைஸ் குழு 2005-இல் வெளியிட்ட ஒப்பீட்டு ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தும்படி ஆயிற்று. எனவே ஒரு கம்பெனி உருண்டையில் பழகிய அளவையும் நிறுத்தும் இடத்தையும் இன்னொரு கம்பெனி உருண்டைக்கு அப்படியே எடுத்துப் போகக் கூடாது. மருந்துக் கிடங்கில் ‘ஸ்டாக் இல்லை, இதை வைத்துக்கொள்ளுங்கள்’ என்று வேறு டப்பா நீட்டும்போது நினைவில் இருக்க வேண்டியது இது.

நோயாளியிடம் சொன்ன கணக்குக்கு வருகிறேன். பிரிட்டனில் 27 மருத்துவமனைகளில் 157 பெண்களை வைத்துச் செய்த ரெஸ்ட் ஆய்வில், ஐந்து வருடத்துக்குள் எம்போலைசேஷன் பக்கத்தில் நூற்றுக்கு 32 பேருக்கு மறுபடி ஏதாவது சிகிச்சை தேவைப்பட்டது. அறுவை சிகிச்சைப் பக்கத்தில் நான்கு பேருக்கு. நெதர்லாந்தின் எம்மி ஆய்வில் பத்து வருடம் கழித்துப் பார்த்தபோது, எம்போலைசேஷன் செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கர்ப்பப்பை உடம்பிலேயே இருந்தது. 2020-இல் வந்த ஃபெம்மி ஆய்வு கட்டியை மட்டும் வெட்டியெடுப்பதோடு ஒப்பிட்டது: 254 பெண்கள், இரண்டு வருடம் கழித்து வாழ்க்கைத்தர மதிப்பெண் வெட்டியெடுத்தவர்களுக்கு 84.6, அடைத்தவர்களுக்கு 80.0. இன்னும் குழந்தை வேண்டும் என்று வருகிற 30 வயதுப் பெண்ணை நான் முதலில் மகப்பேறு மருத்துவரிடமே திருப்பி அனுப்புவது இதனால்தான். குடும்பம் முடிந்து, வயிற்றில் இரண்டு தையல் வடுவோடு, வெட்டவே வேண்டாம் என்று தீர்மானமாக வருகிறவருக்கு அதே எண்கள் வேறு மாதிரி அர்த்தம் தரும்.

தேர்வு நோயாளியுடையது என்பது வெறும் நாகரிகப் பேச்சல்ல. தேவையில்லாமல் கர்ப்பப்பையை எடுக்கும் வழக்கத்தைத் தடுக்க மாநிலங்கள் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2023-இல் சொல்ல வேண்டியிருந்தது. கர்ப்பப்பையை எடுப்பதுதான் சரியான சிகிச்சை என்று ஆகும் கேஸ்களும் நிறைய உண்டு. இரண்டு வழியையும் காதில் போட்ட பிறகு அவர் சொன்னால் சரி.

இந்த நோயாளிக்கு முன்சுவரில் இருந்த 2 செ.மீ. கட்டியின் ஓரத்தில் மட்டும் மூன்றாவது மாதப் படத்தில் ஒரு நூலளவு கான்ட்ராஸ்ட் ஏறியிருந்தது. இப்போதைக்கு எதுவும் செய்யவில்லை. அது வளர்கிறதா என்று ஒரு வருட எம்.ஆர்.ஐ.யில் பார்க்க வேண்டும். தேதி ஜனவரியில் விழுந்தது. பறிப்பு முடிந்து பிப்ரவரியில் வருகிறேன் என்றார், அப்படியே மாற்றிக் கொடுத்திருக்கிறோம். அதற்குள் ரத்தப்போக்கு கூடினாலோ ஹீமோகுளோபின் 10-க்குக் கீழே போனாலோ பறிப்பைப் பார்க்காமல் வரச் சொல்லியிருக்கிறோம். இரும்பு மாத்திரை இன்னும் மூன்று மாதம் தொடர்கிறது.